ஏழாம் எண் குழல்

சவப்பெட்டிக்கு உள்துணி தைக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு என்று வெர்னா ஹூடாக் சொல்வாள். தையல் கோணல் என்று இதுவரை எவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. இதைச் சொல்லும்போதே அவள் விரல்கள் கோணலாகப் போன ஒரு தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும். ஷெல்பர்க் ஊரின் சவப்பெட்டித் தொழிற்சாலையில் துணிப் பிரிவு முழுக்கப் பெண்கள்தான். அவர்களில் வெர்னா வேகமானவள் அல்ல. அவள் தைத்த மடிப்பை மேற்பார்வையாளர் தொட்டுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே கொதிகலன் அறையை ஒட்டி நீளமான ஒரு நிலவறை இருந்தது. சிறுமியாக இருந்தபோது அவள் கண்ணும் கையும் ஒன்றோடு ஒன்று பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். பென்சில்வேனியாவின் மேற்கில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் துப்பாக்கிக் குழு ஒன்று இருக்கும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. வேதியியல் நடத்திய ப்ரூயிட் சார்தான் இரண்டு குழுவுக்கும் பொறுப்பு. பழைய மெத்தைகளை விரித்து, குப்புறப் படுத்து, அறையின் கடைசியில் மின்விளக்குக்குக் கீழே தொங்கும் அட்டையைச் சுடவேண்டும். கொதிகலன் சூட்டில் தரை மெழுகு இளகிய வாசனையும் புகை வாசனையும் கலந்து கம்பளிச் சட்டையில் ஏறிவிடும். வீட்டுக்குப் போனால் அம்மா சட்டையை முகர்ந்துவிட்டு, இன்றைக்குப் பயிற்சி உண்டா என்று கேட்கவே மாட்டாள்.

அடுத்த ஊர்ப் பள்ளியோடு போட்டி என்றால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பேருந்தில்தான் போவார்கள். ஓட்டுநர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: கதவில் இடிக்காதீர்கள், பெயின்ட் போய்விடும். வெர்னாவின் துப்பாக்கி எண் ஏழு. குழலின் அடியில் பள்ளியின் பெயரெழுத்துகளும் அந்த எண்ணும் குத்தியிருக்கும். கனமான துப்பாக்கி, குட்டையான ஒரு பெண்ணுக்கு அளவே இல்லாதது. பேருந்தில் அது அவள் மடியில் குறுக்கே கிடக்கும், மேலே மதியச் சாப்பாட்டுப் பை இருக்கும்.

பிறகு பள்ளி முடிந்தது. தொழிற்சாலை வந்தது, கிளீட் ஹூடாக் வந்தான், இரண்டு பெண் பிள்ளைகள் வந்து, வளர்ந்து, ஒருத்தி பிட்ஸ்பர்க்குக்கும் ஒருத்தி ஒஹாயோவுக்குமாகப் போனார்கள். பள்ளியில் துப்பாக்கிக் குழு எந்த ஆண்டு நின்றது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. நிலவறைக்குப் பூட்டுப் போட்டு, துப்பாக்கிகளைக் கம்பிக் கூண்டில் அடைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனார்கள்.

கிளீட் பழைய கார்களை இழுத்துவந்து உடைக்கும் தொழில் செய்பவன். தொண்ணூற்றாறில் கொதிகலனை எடுத்துப் போகச் சொல்லிப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. மாலையில் வீட்டுக்கு வந்தவன் கையைக் கழுவிக்கொண்டே, கூண்டில் கிடந்த துப்பாக்கிகளையெல்லாம் பள்ளிக்காரர்கள் ஊர்த் துப்பாக்கிக் கடையில் விற்கக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். வெர்னா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஏழு இருக்கா?" என்றாள்.

"எது ஏழு?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். கடை மூட நேரம் இருந்தது. அன்றிரவு முட்டைக்கோஸ் பாதி நறுக்கியபடியே கிடந்தது. கிளீட் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றான். மேசையின் மறுபக்கம் கிடந்த துப்பாக்கியை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. குப்புறப் படுத்துச் சுட அவள் முழங்கை இனிமேல் ஒப்பாது. சக்கர் ரன் ஓடைக்கரை கிளப்பில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஒரு போட்டி நடக்கும். கான்கிரீட் மேசையில் துப்பாக்கியைத் தாங்குகட்டை மேல் கிடத்தி, பின்பக்கத்தை மணல் மூட்டையில் ஊன்றி, ஐம்பது கஜம் தள்ளியிருக்கும் அட்டையைச் சுடவேண்டும். இருபத்திரண்டு என்று எல்லோரும் சொல்கிற சின்னத் தோட்டா. அட்டையில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து வட்டம். வட்டத்துக்கு ஒரே குண்டு, அதற்கு உச்சம் பத்து. எல்லாம் பத்தானால் இருநூற்றைம்பது. ஓரத்தில் இருக்கும் பயிற்சி வட்டங்களில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், கணக்கில் சேராது. கேட்கச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து, சாய்த்துவைத்துச் சுடுவதில் என்ன இருக்கிறது என்றுதான் முதல் நாள் எல்லோரும் நினைப்பார்கள். அதற்காகத்தான் கிளப்பின் சமையலறைச் சுவரில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. அந்த மேசைகளில் இருநூற்றைம்பது எடுத்தவர்களின் பெயர் அதில் வெள்ளைப் பெயின்டில் இருக்கும். பலகை பெரியது, பெயர்கள் கொஞ்சம்.

மற்றவர்கள் மேசைமேல் வைத்திருந்த தாங்குகட்டைகளின் விலையைக் கேட்டுவிட்டு வெர்னா வீட்டுக்கு வந்தாள். கிளீட் தன் இரும்புக் குவியலிலிருந்து காரைத் தூக்கும் ஜாக்கி ஒன்றைத் தேடி எடுத்தான். கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரிகிற வகை. அதை ஒரு தடித்த இரும்புத் தகட்டில் பற்றவைத்து, மேலே துப்பாக்கி உட்காரக் கவட்டை வைத்தான். திருகினால் முடியளவுக்கு ஏறும், இறங்கும். பின்பக்க மூட்டையை வெர்னாவே தைத்தாள். பழைய சோபாவின் தோல், துப்பாக்கி படும் இடத்தில் மட்டும் தொழிற்சாலையில் மிஞ்சிய வெள்ளைப் பட்டு. முதலில் அரிசியை நிரப்பினாள். குளிர்காலத்தில் ஷெட்டில் வைத்திருந்தபோது எலி வந்து விருந்து சாப்பிட்டுப் போனது. பிறகு மணல்.

காற்றுக்கொடிக்குத் தேர்தல் முடியும்வரை காத்திருந்தார்கள். மேசைக்கும் அட்டைக்கும் நடுவே வரிசையாக நட்டு, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காட்டுகிற கொடிகள் அவை. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் கிளீட் வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஊர்ப் புல்வெளிகளில் நட்டிருந்த பிளாஸ்டிக் அட்டைகளைக் கேட்டு வாங்கிவந்தான். மாவட்டப் பொருளாளர் பதவிக்கு நின்ற இரண்டு பேரின் பெயரும் இருந்தன. வெர்னா அவற்றை வெட்டி, கம்பியில் சுழலும்படி மாட்டி, வாலுக்கு நில அளவைக்காரர்கள் கட்டும் ரோஸ் நிற நாடாவைக் கட்டினாள். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு வேட்பாளர்களும் அதற்குப் பிறகு ஒரே திசையில் திரும்பினார்கள்.

பக்கத்து மேசைக்காரன் வென்டல் ஸ்டால்மன். தபால் கொண்டுபோகும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், உருண்டையான ஆள், வாய் ஓயாது. அவனுடைய துப்பாக்கி ஒரு நல்ல பழைய கார் விலை பெறும். முதல் நாள் அவளுடைய சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஜாக்கி. சவப்பெட்டிப் பட்டு. பள்ளிக்கூடத்துத் துடைப்பக்கட்டை." விரல்விட்டு எண்ணினான். "ஏம்மா, சுட வந்தியா, டயர் மாத்த வந்தியா?"

"உனக்கு அளவு எடுக்க வந்தேன்" என்றாள் வெர்னா. "தோள் அகலம் ஜாஸ்தி. ஸ்பெஷல் சைஸ்தான் வரும்."

கிளப்பில் அதை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். வென்டலே எல்லோருக்கும் சொன்னான்.

ஆனால் சிரிப்பு வேறு, அட்டை வேறு. நிலவறையில் காற்று என்று ஒன்று இருந்ததே இல்லை. ப்ரூயிட் சார் சொல்லிக்கொடுத்ததில் காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. இங்கே ஓடைப் பக்கமிருந்து ஒரு காற்று, மலைச்சரிவிலிருந்து ஒரு காற்று, இரண்டும் நடுவில் சந்தித்துத் தகராறு செய்யும். முதல் கோடை முழுவதும் அவள் கொடிகளைப் பார்க்கக் கற்றாள். சுடுவதற்குப் பாதி நேரம், காத்திருப்பதற்குப் பாதி நேரம் என்று பழகினாள். மற்றவர்கள் அந்த இடத்தில் வழக்கமாக அடிக்கும் ஓடைக் காற்றுக்கு ஏற்ப ஸ்கோப்பை, குறிபார்க்கும் தொலைநோக்கியை, முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொள்வார்கள். வெர்னா சனிக்கிழமை அந்தி சாயும் நேரத்தில், கொடிகள் எல்லாம் தூங்கும்போது வந்து, காற்றே இல்லாதபோது நடுவில் விழும்படி வைத்துக்கொள்வாள். காற்றடித்தால் குறியைத் தள்ளி வைப்பாள். சுற்றுவழி என்று வென்டல் சொன்னான். அவளுக்கு அந்த ஒரு வழிதான் புரிந்தது.

இரண்டாவது கோடையில் வரிசைகள் நிரம்ப ஆரம்பித்தன. இரண்டாம் வரிசை எல்லாம் பத்து, மூன்றாம் வரிசை எல்லாம் பத்து. கெடுத்தது முதல் வரிசை. மே மாதம் முதல் வரிசையில் இரண்டு ஒன்பது, ஒரு எட்டு. ஜூனிலும் அப்படித்தான். நரம்பு என்று நினைத்தாள். மூச்சை எண்ணிப் பார்த்தாள். காலையில் காபியை நிறுத்திப் பார்த்தாள், அதனால் தலைவலிதான் வந்தது.

ஜூலைப் போட்டி முடிந்து எல்லோரும் சமையலறை ஜன்னலில் தட்டோடு நின்றபோது மெர்ல் சூக் அவளிடம் பேச்செடுத்தான். மெர்ல் அந்தப் பக்கத்துத் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவன், அவன் மனைவி ட்ரூடி சமையலறையையும் மதிப்பெண் மேசையையும் பார்த்துக்கொள்பவள். ஒஹாயோவில் ஒரு பெரிய போட்டிக்காரர் ஆண்டுக்கு ஆண்டு குழலை மாற்றுவார், அவர் கழற்றிப்போட்ட குழல் ஒன்று தன்னிடம் வந்திருக்கிறது என்றான். பாதி விலைகூட இல்லை. பழைய குழலை எடுத்துவிட்டு இதைப் போட்டால் அவள் துப்பாக்கி வேறு துப்பாக்கி ஆகிவிடும்.

"பள்ளிப் பிள்ளைங்க தலைமுறை தலைமுறையா சுட்ட குழல் அது, வெர்னா. உள்ள தேஞ்சிருக்கும். உன் மேல தப்பு இல்ல."

அவள் மனதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் தைத்தது. தப்பு தன்மேலா, குழல்மேலா என்பது அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. தன்மேல் என்றால் மாற்றி என்ன பயன்? குழல்மேல் என்றால், ஏழு என்று குத்திய இரும்பை வெறும் பாசத்துக்காக வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் தோற்பது கோணல் தையலை அப்படியே விட்டுவிடுவது மாதிரி. தட்டிலிருந்த ஹலுஷ்கியை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே யோசித்தாள். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் ஆறிப்போயின.

கடைசிப் போட்டி அக்டோபரில். அதற்குள் இந்தக் குழலில் இருநூற்றைம்பது வந்தால் குழல் இருக்கட்டும், வராவிட்டால் கழற்றிவிடு என்றாள். மெர்ல் சரி என்றான். அவள் வேண்டாம் என்றால் அடுத்த உரிமை வென்டலுக்கு. அவனுடைய விலையுயர்ந்த துப்பாக்கியின் குழல் தேய்ந்து இரண்டு வருஷமாகிறது. புதுக்குழல் வாங்க அவன் மனைவி சம்மதிக்கவில்லை.

வென்டல் வரிசையில் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ இனிமே நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உனக்காக வேண்டிக்கணும் போல" என்றான்.

"என் குழலுக்காகவா?"

"இல்ல. என் குழலுக்காக."

ஆகஸ்டில் அவன் வேண்டுதல் பலிக்கவில்லை. செப்டம்பரிலும் இல்லை. முதல் வரிசையில் ஒரு எட்டு, இரண்டு ஒன்பது. மற்ற நான்கு வரிசையும் பத்து. செப்டம்பர் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஊசியால் குத்திவைத்தாள். தொழிற்சாலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள். நான்கு வரிசை நேராகத் தைத்துவிட்டு முதல் வரிசையை மட்டும் குடித்துவிட்டுத் தைத்த மாதிரி இருந்தது. குழல் தேய்ந்தது என்றால் ஐந்து வரிசையிலும் அல்லவா தெரியவேண்டும்?

இங்கே வெர்னாவின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா எது என்று கண்டுபிடிப்பதற்குள் அவள் பல வகையை ஒவ்வொரு பெட்டியாக வாங்கிப் பார்த்திருந்தாள். ஏழாம் எண்ணுக்குப் பிடித்தது விலை கூடியது. அதனால் நல்ல தோட்டாவைப் பயிற்சி வட்டத்தில் வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. பட்டுத் துணியில் கை துடைப்பது மாதிரி அது. குழல் சூடேறத்தானே பயிற்சிக் குண்டு? அதற்கு, தோட்டத்தைத் தோண்டும் காட்டெலிகளை விரட்டக் கிளீட் வாங்கிவைத்த மலிவுத் தோட்டா போதும். அவற்றில் ஒரு கைப்பிடி சுடுவாள். கடைசியில் நல்லது ஒன்றே ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, நேரே முதல் வரிசைக்குப் போவாள். கிளீட் துளைபோட்டுக் கொடுத்த மரக்கட்டையில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். மலிவுப் பெட்டியை மேசைமேல் வைக்க அவளுக்குக் கூச்சம். அதனால் பக்கத்து மேசைக்காரனுக்கும் அது தெரியாது.

அக்டோபர் போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வழக்கம்போல மீன் வறுத்தாள். சனிக்கிழமை காலை கிளீட் அதே இரும்பு வாணலியைத் துணியால் துடைத்துவிட்டு முட்டை பொரித்தான். வாணலிக்குச் சோப்புப் போட்டால் வெர்னா ஆளைத் தொலைத்துவிடுவாள் என்பது அவனுக்குத் தெரியும். முட்டையைத் தின்றான். இன்னொன்று பொரித்தான். இன்னொன்று. மூன்றாவதைத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"மொத முட்டை மீனு. ரெண்டாவது பாதி மீனு. மூணாவதுதான் முட்டை."

வெர்னா காபிக் கோப்பையோடு திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு மறுபடி அவனை.

"என்ன?" என்றான் அவன். "குத்தம் சொல்லல. தின்னுட்டேன்ல."

தோட்டாவின் ஈயத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மெழுகு. சுடச்சுட அது குழலின் உட்சுவரில் படியும். மலிவுத் தோட்டாவின் மெழுகு படிந்த குழலில் நல்ல தோட்டா போனால் முதல் சில குண்டுகளுக்கு அது வேறு வீடு. பழையது தேய்ந்து தன் மெழுகு ஏறிய பிறகுதான் அது தன் வழிக்கு வரும். அவள் முதல் வரிசை முழுக்க மீன் வாசனை அடிக்கும் முட்டை.

இத்தனை மாதமும் காசு மிச்சம் பிடிக்கப் போய்த் தன் முதல் வரிசையைத் தானே கெடுத்திருக்கிறாள். அன்று அந்தியில் கிளப்புக்குப் போனாள். மலிவுத் தோட்டாவை எடுத்துப்போகவில்லை. நல்லதையே பயிற்சி வட்டத்தில் ஒவ்வொன்றாகச் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் மனம் வலித்தது. முதலில் அங்குமிங்குமாக, பிறகு நெருங்கி, பிறகு ஒரே ஓட்டைக்குள் அடுத்தது என்று போய் விழுந்தன. அதற்குமேல் ஒரு குண்டுகூடச் சுடாமல் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு, குழலைத் துடைக்காமலேயே வீட்டுக்கு வந்தாள். ப்ரூயிட் சார் பார்த்திருந்தால் அறைக்கு வெளியே நிற்கவைத்திருப்பார்.

ஞாயிறு காலை புல்லில் வெண்பனி இருந்தது. மலைச்சரிவு மேப்பிள் மரங்கள் பாதி உதிர்த்துவிட்டிருந்தன. வென்டல் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டு, தன் பங்குக்கு ஜெபமெல்லாம் முடித்துவிட்டதாகவும் இனி எல்லாம் அவள் கையில் என்றும் தெரிவித்தான். மெர்ல் நேரம் தொடங்கியதாக அறிவித்தான்.

அவள் பயிற்சி வட்டத்தில் நல்ல தோட்டாவைச் சுட்டாள். மறுபடி சுட்டாள். மறுபடி. வென்டல் தன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்ப்பது தெரிந்தது. வழக்கமான ஒரு கைப்பிடியைத் தாண்டியும் இப்படித் தாராளமாகச் சுடும் வெர்னாவை அவன் பார்த்ததில்லை. குண்டுகள் ஒன்றாகக் கூடியதும் முதல் வரிசைக்குத் திருப்பினாள்.

பத்து. ஓடைக் காற்று நாடாவைத் தூக்கியது, காத்திருந்தாள், இறங்கியது. பத்து. இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று. முதல் வரிசை முடிந்ததும் ஜாக்கியின் திருகைத் திருப்பி அடுத்ததற்கு இறங்கினாள். இரண்டாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் அவளுக்குப் பழகிய பாதை. நான்காவதில் மலைக்காற்று புகுந்து கொடிகளை ஆளுக்கொரு பக்கம் திருப்பியது. குறியை இடப்பக்கம் தள்ளிவைத்துக் காத்திருந்து காத்திருந்து முடித்தாள்.

ஐந்தாம் வரிசைக்கு வந்தபோது காற்று நின்றது.

மெல்ல நிற்கவில்லை. யாரோ கதவைச் சாத்தியது போல நின்றது. எல்லா நாடாவும் நேர் கீழே தொங்கின. இரண்டு வேட்பாளர்களும் அசையவில்லை. மேசை மேசையாகச் சத்தம் ஓய்ந்தது. எல்லோரும் அதுவரை ஓடைக் காற்றில் சுட்டவர்கள், அதற்கேற்பத் திருப்பிவைத்த ஸ்கோப்பு. இந்த நிசப்தத்தில் குண்டு எங்கே போகும் என்று அவர்களுக்கு நிச்சயமில்லை. காற்று திரும்பி வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வரிசை முழுவதும் ஒரு தோட்டா வெடிக்கவில்லை.

வெர்னாவுக்குப் பின்கழுத்தில் ஒரு சூடு தெரிந்தது. கொதிகலனின் சூடு. தரை மெழுகு. பக்கத்து மெத்தையில் யாரோ ஒரு பெண் அடக்கமாக இருமும் சத்தம். இந்தக் காற்றில்லாத இடத்தை அவளுக்குத் தெரியும். அவள் வளர்ந்ததே இங்கேதான். குறியை நடுவில் வைத்தாள். தள்ளுவதற்கு எதுவும் இல்லை, யோசிக்க எதுவும் இல்லை.

பத்து. தோட்டாவை மாற்றினாள். பத்து. அந்த மௌனத்தில் அவள் ஒருத்தியின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. பத்து. பின்னால் சமையலறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது, ட்ரூடி வெளியே வந்திருக்கவேண்டும். பத்து.

கடைசி வட்டம். மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். ஸ்கோப்பின் ஓரத்தில், தூரத்துக் கொடியின் ரோஸ் நாடா நுனி மட்டும் தூக்கியது. தூங்குகிறவன் விரல் அசைகிற மாதிரி, அவ்வளவுதான். அதை அவள் கண் பார்த்தது. நிறுத்து என்று சொல்லவும் சொன்னது. ஆனால் மனம் அதற்குள் சமையலறைச் சுவருக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டது. விரல் மனத்தோடு போய்விட்டது.

குண்டு விழுந்த இடம் பத்தின் கோட்டுக்கு வெளியே. தொடுகிறதா, தொடவில்லையா என்று ஸ்கோப்பில் சொல்ல முடியாத நெருக்கம். ஓட்டை கோட்டைத் தொட்டால்கூடப் பத்து என்பது அங்கே விதி.

அட்டைகளைக் கொண்டுவந்தபோது அவளுடைய அட்டை முறைப்படி வென்டலிடம் வந்தது. பக்கத்து மேசைக்காரன் பார்ப்பது வழக்கம். அவன் இருபத்துநான்கு வட்டத்துக்கும் பென்சிலால் பத்து என்று போட்டான். கடைசிக்கு வந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். அட்டையை மேசைமேல் ட்ரூடி பக்கம் தள்ளினான்.

"இதை நான் பாக்க மாட்டேன்" என்றான். "எனக்கு அந்தக் குழல் மேல ஆசை இருக்கு. என் கண்ணு பத்துன்னுதான் சொல்லும்."

யாரும் சிரிக்கவில்லை. ட்ரூடி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓட்டைக்குள் விட்டுப் பார்க்கும் உலோகத் தக்கையை எடுத்து மெதுவாக இறக்கினாள். பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்துக் குனிந்தாள். அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி குனிந்தாள். மெர்ல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒன்பது, கண்ணு" என்றாள் ட்ரூடி. "வேணும்னா நீயே பாரு."

வெர்னா பார்க்கவில்லை. தெரியும் என்றாள். நாடா தூக்கியதைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் சுட்டேன் என்றாள்.

மெர்ல் தயங்கினான். இருநூற்று நாற்பத்தொன்பது எடுத்த குழலைக் கழற்றச் சொல்லி எவரும் தன்னிடம் வந்ததில்லை, ஆனால் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே என்றான். எப்போது கொண்டுவருகிறாய் என்று கேட்டான்.

வெர்னா அட்டையைக் கையில் எடுத்தாள். முதல் வரிசையை விரலால் தடவினாள், தைத்த மடிப்பைத் தடவுவது போல.

"கொண்டுவரல" என்றாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும்னு இருந்துது, தப்பு யாரு மேலன்னு. இப்ப தெரிஞ்சிருச்சு. இந்த ஒன்பது என்னுது. குழலுது இல்ல." பிறகு வென்டலைப் பார்த்தாள். "குழலை அவனுக்குக் குடு. வேண்டிக்கிட்டதுக்கு ஏதாவது கெடைக்கணும்ல."

வென்டல் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அட்டையை வாங்கி, கடைசி வட்டத்துக்குத் தானே ஒன்பது என்று போட்டான்.

கிளீட் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். இருநூற்றைம்பது இல்லாவிட்டால் கழற்றிவிடு என்று சொன்னவள் நீதானே என்று கேட்டான். ஆமாம், அது குழலைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் சொன்னது என்றாள். அவன் ஜாக்கியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, நாளை முட்டைக்கு வேறு வாணலி வாங்கட்டுமா என்றான். வேண்டாம் என்றாள்.

அவள் பெயர் அந்தப் பலகையில் ஏறியதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏறியது, மூன்று கோடை கழித்து, ஏழாம் எண்ணில்தான். ட்ரூடியே பெயின்ட் அடித்தாள். அந்த நாளைப் பற்றி வெர்னா அதிகம் பேசியதில்லை. காற்று எப்படி இருந்தது என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வாள். துணிப் பிரிவில் தேநீர் இடைவேளையில் அவள் எடுத்துப் பேசியதெல்லாம் அந்த அக்டோபரைத்தான். காற்று நின்றது, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள், கொதிகலன் சூடு கழுத்தில் அடித்தது என்று ஆரம்பிப்பாள். கேட்கிற பெண்கள் ஊசியை நிறுத்திவிடுவார்கள்.

அந்த அக்டோபருக்கு அடுத்து வந்த மே மாதம் வென்டல் புதுக்குழலோடு வந்தான். மெர்ல் அழகாகப் பொருத்தியிருந்தான், கண்ணாடி மாதிரி மின்னியது. முதல் அட்டையில் இருநூற்று நாற்பத்துநான்கு. இரண்டாவதில் இருநூற்று நாற்பத்துமூன்று. பழைய குழலிலும் அவனுக்கு இவ்வளவுதான் வந்துகொண்டிருந்தது. அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். வெர்னா தன் மூட்டையைக் கட்டிக்கொண்டே என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா குழலு தேஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிட்டு நிம்மதியா இருந்தேன்" என்றான் வென்டல். "உன்னால இப்ப அதுக்கும் வழி இல்லாம போச்சு."